போஸ்டரில் 200 கோடி, கணக்கில் எவ்வளவு?

ஒரு படத்தின் வெற்றி விழாவில் ‘உலகமெங்கும் 200 கோடி’ என்று கேக் வெட்டுகிறார்கள். அதே மாதத்தில் அந்தப் படத்தை வாங்கிய விநியோகஸ்தர் நஷ்டம் என்று சொல்லித் தயாரிப்பாளரின் அலுவலகத்துக்கு நடக்கிறார். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். போஸ்டரில் வருவது பார்வையாளர் கொடுத்த பணம்; விநியோகஸ்தர் பேசுவது தன் கைக்கு வந்த பணம். நடுவில் வரி இருக்கிறது, தியேட்டர் பங்கு இருக்கிறது, ஏரியா விலை இருக்கிறது. ரீமேக் படங்கள் ஏன் வரிசையாக விழுகின்றன என்பதற்கும் விடை பெரும்பாலும் இதே கணக்கில்தான் இருக்கிறது.

கிராஸ், நெட், ஷேர்

1. கிராஸ்: டிக்கெட் விற்ற மொத்தப் பணம், வரி உட்பட. போஸ்டரில் வருவது எப்போதும் இதுதான்.
2. நெட்: கிராஸிலிருந்து வரிகளைக் கழித்தால் மிஞ்சுவது. இந்திப் படங்களின் ‘100 கோடி கிளப்’ பெரும்பாலும் இந்திய நெட்டை வைத்துப் பேசப்படுவது. தமிழ்ப் படத்தின் உலக கிராஸையும் இந்திப் படத்தின் இந்திய நெட்டையும் ஒரே பட்டியலில் போடுவது படியையும் மரக்காலையும் ஒன்றாக வைத்து அளப்பது போல.
3. ஷேர்: நெட்டில் தியேட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விநியோகஸ்தருக்கு வருவது. படம் ஓடியதா இல்லையா என்பதைச் சொல்லும் எண் இது ஒன்றுதான். இது போஸ்டரில் வருவதே இல்லை.

191 ரூபாய் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால்

தமிழ்நாட்டில் டிக்கெட்டின் அடிப்படை விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மல்டிபிளெக்ஸில் அது 150 ரூபாய் என்று 2017-இல் நிர்ணயமானது. புதுத் தமிழ்ப் படத்துக்கு அதன்மேல் 8 சதவீத உள்ளாட்சி கேளிக்கை வரி சேர்ந்து வந்தது: 12 ரூபாய். ஆக 162. அந்த 162-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 29 ரூபாய் 16 காசு. மொத்தம் 191 ரூபாய் 16 காசு. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் பல ஆண்டுகள் ‘190 ரூபாய்’ என்று பழகிய டிக்கெட் இப்படித்தான் பிறந்தது. நெட் கணக்கில் அந்த டிக்கெட்டுக்கு மதிப்பு 150 மட்டுமே.

2025-இல் மாநில அரசு அந்த 8 சதவீதத்தை 4 ஆகக் குறைத்தது. இப்போது 150-உடன் 6 சேர்ந்து 156, ஜி.எஸ்.டி. போட்டால் 184 ரூபாய் 8 காசு. பார்வையாளருக்கு ஏழு ரூபாய் மிச்சம். தயாரிப்பாளருக்கு ஒரு டிக்கெட்டில் ஒரு பைசாகூட ஏறவில்லை, ஏனென்றால் அடிப்படை விலை அதே 150. கிராஸ் குறையும், நெட் குறையாது. அடுத்த படத்தின் ‘வசூல் சரிவு’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வரி மாற்றங்களால்தான் பழைய படத்தையும் புதிய படத்தையும் கிராஸ் வைத்து ஒப்பிட முடியாது. வரிசையாக:

1. 2006-இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. விலக்குப் பெற்ற படத்துக்கு கிராஸும் நெட்டும் ஏறத்தாழ ஒன்றே.
2. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது: 100 ரூபாய்க்கு மேல் 28 சதவீதம், 100 வரை 18 சதவீதம். அதோடு மாநிலம் உள்ளாட்சி கேளிக்கை வரியும் போட, அந்த ஜூலையில் தியேட்டர்கள் சில நாள் மூடிக் கிடந்தன.
3. 2019 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி. 18, 12 என்று குறைந்தது.
4. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம். அதற்கு மேல் அதே 18.

வரிவிலக்குக் காலத்தில் 80 கோடி கிராஸ் செய்த படம் 80 கோடியும் நெட் செய்தது. இன்று அதே நெட்டைத் தொட, எல்லா டிக்கெட்டும் 18 சதவீத அடுக்கில் விற்றதாகக் கொண்டால், 98 கோடி கிராஸ் வேண்டும். டிக்கெட் விலை உயர்வை இதில் சேர்க்கவே இல்லை. நேர்மையான ஒப்பீடு வேண்டுமானால் எத்தனை டிக்கெட் விற்றது என்றுதான் கேட்க வேண்டும். நம் ஊரில் அதை யாரும் வெளியிடுவதில்லை. பிரான்ஸில் படங்களின் வெற்றியை டிக்கெட் எண்ணிக்கையில்தான் பேசுகிறார்கள். தென் கொரியாவில் அரசு சார்ந்த திரைப்பட அமைப்பு அன்றாட டிக்கெட் எண்ணிக்கையை இணையத்தில் போட்டுவிடுகிறது. அங்கே ரசிகர் சண்டைக்கு வேலை குறைவு.

தியேட்டர் எடுப்பது எவ்வளவு?

இதற்கு ஒரே விடை கிடையாது. 2009-இல் இந்தித் தயாரிப்பாளர்களும் மல்டிபிளெக்ஸ்களும் இரண்டு மாதம் மோதிக்கொண்ட பின் முதல் வாரம் 50, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, பிறகு 30 சதவீதம் விநியோகஸ்தருக்கு என்று ஒரு ஏணி உருவானது. வாரம் ஏற ஏறத் தயாரிப்புப் பக்கத்தின் பங்கு இறங்கும். தமிழ்நாட்டுத் தனித் திரைகளில் பேரம் வேறு மாதிரி: உச்ச நடிகர் படம் என்றால் முதல் வாரத்துக்கு 70, சில சமயம் 80 சதவீதம் வரை கேட்பார்கள். கேன்டீனிலும் வண்டி நிறுத்தத்திலும்தான் எங்கள் பிழைப்பு என்று தியேட்டர்காரர்கள் புலம்புவது இதனால்தான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: முதல் வாரத்தில் வரும் ஒரு கோடியும் நான்காம் வாரத்தில் வரும் ஒரு கோடியும் விநியோகஸ்தருக்கு ஒன்றல்ல. மெதுவாகப் பேர் எடுத்து நீண்ட நாள் ஓடும் சின்னப் படம் தியேட்டருக்கு வரம். தயாரிப்பாளருக்கு அந்த அளவு இல்லை.

ஏரியாவும் ஒப்பந்தமும்: நஷ்டம் பிறக்கும் இடம்

தமிழ்நாட்டை விநியோகக் கணக்கில் ஏழு ஏரியாவாகப் பிரிப்பது பழைய வழக்கம்: சென்னை நகரம், செங்கல்பட்டும் வட, தென் ஆற்காடும் சேர்ந்தது, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. விற்கும் முறை மூன்று:

1. அவுட்ரைட்: குறிப்பிட்ட காலத்துக்கு மொத்தமாக வாங்குவது. லாபமும் நஷ்டமும் வாங்கியவருக்கே.
2. எம்.ஜி.: குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. அதற்குக் கீழே ஷேர் வந்தால் நஷ்டம் விநியோகஸ்தருடையது. போட்ட பணம், செலவு, கமிஷன் எல்லாம் எடுத்த பிறகு மேலே வருவது ‘ஓவர்ஃப்ளோ’. அதைத் தயாரிப்பாளரோடு பங்கிடுவார்கள்.
3. அட்வான்ஸ்: திருப்பித் தர வேண்டிய முன்பணம். விநியோகஸ்தர் கமிஷன் மட்டும் எடுப்பார். ஷேர் போதவில்லை என்றால் தயாரிப்பாளர் பாக்கியைத் திருப்ப வேண்டும்.

எம்.ஜி.யில் வாங்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது ஒப்பந்தப்படி உரிமையல்ல. அடுத்த படத்தை வாங்க ஆள் வேண்டுமே என்ற கட்டாயத்தில் நடக்கும் சமரசம் அது. அட்வான்ஸில் கேட்பது உரிமை. செய்தியில் இரண்டுக்கும் ‘நஷ்ட ஈடு’ என்ற ஒரே பெயர்தான். யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிக்குமுன் எது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெரிய படத்தின் ஏரியா ஒன்று 12 கோடி எம்.ஜி.க்குப் போகிறது. அந்த ஏரியாவில் படம் 18 கோடி கிராஸ். கேட்க நன்றாக இருக்கிறது. வரியைக் கழித்தால் நெட் சுமார் 14 கோடியே 67 லட்சம். சராசரி 60 சதவீதம் ஷேர் என்றால் 8 கோடியே 80 லட்சம். விநியோகஸ்தருக்கு 3 கோடியே 20 லட்சம் நஷ்டம். விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், தியேட்டருக்கு அனுப்பும் பிரதிநிதிகளின் சம்பளம் இதில் சேரவில்லை. அதே ஏரியாவில் ஒரு கோடிக்குப் போன சின்னப் படம் 4 கோடி கிராஸ் செய்கிறது. நெட் 3 கோடியே 26 லட்சம், 55 சதவீதம் ஷேர் 1 கோடியே 79 லட்சம். செலவு போகவும் லாபம். அந்த ஏரியாவைப் பொறுத்தவரை பிளாக்பஸ்டர் இரண்டாவதுதான். ஆனால் டிரெண்டிங்கில் முதலாவது இருக்கும்.

படம் ‘ஹிட்டா’ என்ற கேள்விக்கு விலை தெரியாமல் விடை சொல்லவே முடியாது. தயாரிப்பாளருக்கு ஹிட், விநியோகஸ்தருக்கு ஃபிளாப், தியேட்டருக்கு சுமார் என்று ஒரே படம் மூன்றாகவும் இருக்கலாம். ஓடிடி, சாட்டிலைட், இசை, டப்பிங் உரிமைகளை விற்றே முதலீட்டை எடுத்துவிட்ட தயாரிப்பாளருக்கு, ஏரியாக்களில் பணம் போனாலும் கேக் வெட்டக் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டு வசூலுக்கும் இதே கதைதான். டாலரில் வரும் எண்ணை ரூபாயாக்கிச் சேர்த்துவிடுவார்கள். தியேட்டர் பங்கு போக அங்கேயும் வருவது தோராயமாகப் பாதிக்கும் கீழே.

முதல் நாள் எண்ணைச் சோதிக்க ஒரு பெருக்கல்

‘தமிழ்நாட்டில் மட்டும் முதல் நாள் 50 கோடி’ என்று ஒரு பதிவு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம்; பெருக்கினாலே போதும். தமிழ்நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் திரைகள். ஒரே படம் 1,000 திரைகளைப் பிடித்துவிட்டது, ஒரு திரைக்குச் சராசரி 400 இருக்கை, ஐந்து காட்சி, ஒரு இருக்கைகூடக் காலியில்லை, சராசரி டிக்கெட் 140 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்.

1. 1,000 திரை × 400 இருக்கை = 4 லட்சம் இருக்கை.
2. × 5 காட்சி = 20 லட்சம் டிக்கெட்.
3. × 140 ரூபாய் = 28 கோடி.

இதுதான் கூரை. எந்தப் படமும் எல்லாத் திரைகளையும் பிடிப்பதில்லை, எல்லாக் காட்சியும் நிறைவதில்லை. ஐந்தாவது காட்சிக்கு அரசின் சிறப்பு அனுமதி வேண்டும், வழக்கம் நான்குதான். அதிகாலை 4 மணிக் காட்சி 2023 தொடக்கத்துக்குப் பிறகு நின்றுபோய், முதல் காட்சி 9 மணிக்கு வந்துவிட்டது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதே படத்துக்கு விடியும் முன்பே காட்சி ஓடும். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெரிய படத்துக்கு அரசாணை வாங்கி முதல் சில நாள் விலையை ஏற்றலாம், இங்கே முடியாது. பக்கத்து மாநிலப் படத்தின் முதல் நாளோடு தமிழ்ப் படத்தின் முதல் நாளை வைத்துத் தலைகுனிய வேண்டியதில்லை. விலையும் காட்சி எண்ணிக்கையும் வேறு.

எண் எங்கிருந்து வருகிறது, எங்கே கெட்டுப்போகிறது

ஒவ்வொரு தியேட்டரும் அன்றாடம் எழுதித் தரும் அறிக்கை டி.சி.ஆர்.; காட்சி வாரியாக, வகுப்பு வாரியாக எத்தனை டிக்கெட் என்பது அதில் இருக்கும். அது விநியோகஸ்தருக்குப் போகும், பொதுமக்களுக்கு அல்ல. இணையத்தில் உலவுவது மூன்று வகை: தயாரிப்பு நிறுவனத்தின் அறிவிப்பு, வணிகக் கண்காணிப்பாளர்களின் மதிப்பீடு, டிக்கெட் தளங்களின் இருக்கைப் படத்தை எண்ணிப் போடும் கணக்கு. மூன்றாவது அறிவியல் போலத் தெரியும். அதிலும் ஓட்டை உண்டு: தியேட்டர் கவுன்டருக்காகப் பூட்டி வைத்த இருக்கைகளும் விற்றது போலவே காட்டும், ரசிகர் மன்றம் மொத்தமாக எடுத்த காட்சி தளத்திலேயே வராது, ஆன்லைன் விற்பனை இல்லாத ஊர்களை வெறும் ஊகத்தால் நிரப்புவார்கள்.

எல்லாரும் ‘ஊதிய எண்’ பற்றியே பேசுகிறார்கள். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. முதல் நாள் ரசிகர் காட்சி டிக்கெட் அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறினால், அந்த மேல்பணம் எந்த அறிக்கையிலும் ஏறாது. சில தியேட்டர்கள் பங்கைக் குறைக்க விற்றதைக் குறைத்து எழுதுவதும் பழைய புகார். 2018-இல் மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுவரை தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப் படமே வெளியிடாமல் நிறுத்தினார்கள். டிஜிட்டல் திரையிடல் கட்டணம் முதல் பிரச்சினை என்றாலும், எல்லாத் தியேட்டரிலும் கணினி டிக்கெட் வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பொதுவாக, வெளியீட்டுக்கு முன் விலை ஏற்ற, முந்தைய படத்தின் எண் ஊதப்படும். கணக்கு முடிக்கும்போது சுருங்கும்.

திங்கட்கிழமை சொல்வது

முதல் மூன்று நாள் நடிகரின் பலம், திங்கள் முதல் படத்தின் பலம். வெள்ளிக்கிழமை வெளியான படத்தின் முதல் திங்கள் வசூல் வெள்ளி வசூலில் பாதியைத் தாங்கினால் படம் நிற்கிறது என்று கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் இரண்டாம் வார இறுதியில் காட்சிகளை வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். காலைக் காட்சியைவிட மாலைக் காட்சி எத்தனை மடங்கு என்பதையும் பாருங்கள். அது குடும்பங்கள் வருகின்றனவா என்று காட்டும். பண்டிகை வார வெளியீட்டுக்கு இந்த விதி செல்லாது, விடுமுறை முடிந்த மறுநாள்தான் உண்மையான திங்கள். தமிழ்ப் படம் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் மீட்பு இல்லை.

ரீமேக்: பழைய கணக்கு ஏன் பொய்த்தது

ரீமேக் என்பது ஒரு மொழிச் சந்தையில் சோதித்துப் பார்த்த கதையை, அதைப் பார்க்காத இன்னொரு சந்தைக்கு விற்பது. ‘பார்க்காத’ என்ற சொல்தான் அதன் முழு மூலதனம். 1993 மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ 2004-இல் கன்னடத்திலும், 2005-இல் தமிழில் ‘சந்திரமுகி’யாகவும், 2007-இல் இந்தியிலும் வந்து ஓடியது. பதினான்கு ஆண்டு கழித்தும் கதை புதிதாக இருந்தது, ஏனென்றால் மூலப் படம் அந்தந்த ஊருக்குப் போகவில்லை. 2005 தமிழ் ‘கஜினி’யை 2008-இல் இந்தியில் எடுத்தார்கள், இந்தியாவில் 100 கோடி நெட்டைத் தாண்டிய முதல் இந்திப் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இன்று மூலப் படம் ரீமேக்குக்கு முன்னாலேயே போய்விடுகிறது. ‘சூரரைப் போற்று’ 2020-இல் நேரடியாக ஓடிடியில் வந்து, இந்தி டப்பிங்கிலும் கிடைத்தது. 2024-இல் வந்த இந்தி ரீமேக் தியேட்டரில் நிற்கவில்லை. 2016 ‘தெறி’யின் இந்தி வடிவம் 2024 டிசம்பரில் வந்து விழுந்தது. ‘அல வைகுண்டபுரமுலோ’வின் இந்தி டப்பிங் 2022 ஜனவரியில் தியேட்டருக்கு வருவதாக அறிவித்து, ரீமேக் தயாராகிக்கொண்டிருந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது, பிறகு தொலைக்காட்சியில் வந்தது. 2023-இல் ரீமேக் வந்தபோது பார்க்க ஆள் இல்லை.

எதிர் உதாரணமும் இதே விதியைத்தான் காட்டுகிறது. ‘த்ரிஷ்யம் 2’ மலையாளத்தில் 2021 பிப்ரவரியில் ஓடிடியில் வந்தது, இந்தி ஒலி இல்லாமல். 2022 நவம்பரில் இந்தியில் எடுத்த படம் பெரிய வெற்றி. கதையின் தரம் இரண்டு பக்கமும் உண்டு. இந்தி டப்பிங் வராமல் பூட்டி வைத்தது ஒரு பக்கம்தான்.

ஒரு ரீமேக் அறிவிப்பு வந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்:

1. மூலத்தின் டப்பிங் அந்த மொழியில் எங்காவது இருக்கிறதா? யூடியூப், தொலைக்காட்சி, ஓடிடி மூன்றையும் பாருங்கள். இருந்தால், கதையை நம்பிய படமானால், பாதி ஆட்டம் முடிந்தது.
2. படத்தின் பலம் திருப்பமா, நடிகரின் தோரணையா, சிரிப்பா? திருப்பம் ஒருமுறைதான் வேலை செய்யும். சிரிப்பு மொழிக்கு மொழி புதிதாக எழுதப்படுவதால் தாங்கும்.
3. மூலத்தின் பட்ஜெட் எவ்வளவு, ரீமேக் நடிகரின் சம்பளம் மட்டுமே எவ்வளவு? அடக்கமான செலவில் எடுத்த படத்தின் மேல் உச்ச நடிகரின் சம்பளத்தை ஏற்றினால், தப்பிக்க வேண்டிய எல்லை பல மடங்காகும். புதுமையோ பாதியாகக் குறைந்திருக்கும்.
4. மண் மாறுகிறதா? 2015 ‘பாபநாசம்’ மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்தின் ரீமேக், மூலப் படத்தின் இயக்குநரே எடுத்தது, காட்சிகளும் ஏறத்தாழ அதே வரிசை. ஆனால் குடும்பமும் காவல் நிலையமும் நெல்லைத் தமிழ் பேசியபோது அது வேறு ஊரின் படமாயிற்று.
5. நடிகருக்காகக் கூடுதல் சண்டையும் அறிமுகப் பாட்டும் சேர்க்கிறார்களா? மூலத்தின் இறுக்கம் பெரும்பாலும் அங்கேதான் தளர்கிறது.

இதில் எடை அதிகம் மூன்றாவதுக்கு. ரசிகர்கள் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். தயாரிப்பாளரை மூழ்கடிப்பது மூன்றாவது.

டப்பிங்கையே வடக்கில் தியேட்டரில் வெளியிட்டால் என்ன என்று கேட்கலாம். தேசிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகள் இந்தி வெளியீட்டுக்குத் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் இடையே எட்டு வாரம் கேட்கின்றன. தமிழ்த் தயாரிப்பாளர் நான்கு வாரத்துக்கு ஓடிடியிடம் கையெழுத்துப் போட்டிருப்பார், அதிக விலை அதற்குத்தான். அதனால் பெரிய தமிழ்ப் படங்களின் இந்திப் பதிப்பு அங்கே சங்கிலித் திரைகளுக்குள் நுழைய முடியாமல் தனித் திரைகளில் சுருங்குகிறது. ‘பான் இந்தியா’ என்று போஸ்டர் அடித்தும் வடக்கில் எண் சிறுத்துப்போவதற்கு இது ஒரு நேரடிக் காரணம்.

ரீமேக் உரிமை யாரிடம்?

படத்தின் பதிப்புரிமை பொதுவாகத் தயாரிப்பாளருடையது. கதை, திரைக்கதை, வசனம் ஆகியவை தனித்தனிப் படைப்புகள். எழுதியவரிடமிருந்து எழுத்துப்பூர்வமாக மாற்றி வாங்கியிருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் பலர் தவறவிடும் இரண்டு வரிகள் உண்டு: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும்; எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். பழைய படங்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பக்கத் தாள். இருபது ஆண்டு கழித்து ரீமேக் அறிவித்ததும் எழுத்தாளர் ஒருபக்கம், தயாரிப்பாளரின் வாரிசு ஒருபக்கம், நெகட்டிவ் உரிமை வாங்கியவர் ஒருபக்கம் என்று கிளம்புவது இதனால். வாங்குபவர் படத்தின் உரிமையை மட்டும் பார்த்துவிட்டு, மொழி வாரியாக ஏற்கெனவே யாருக்கு விற்றார்கள், டப்பிங் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால், படப்பிடிப்பு முடிந்த பிறகு யூடியூபில் மூலத்தின் டப்பிங் ஏறிவிடும்.

இதற்குள் ரீமேக்கின் இடத்தை ரீ-ரிலீஸ் மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெலுங்கு ‘ஒக்கடு’வின் ரீமேக்கான ‘கில்லி’ (2004), இருபது ஆண்டு கழித்து 2024 ஏப்ரலில் 4கே பிரதியாகத் தியேட்டருக்கு வந்து புதுப் படங்களைப் போல ஓடியது. நடிகர் சம்பளம் இல்லை, படப்பிடிப்பு இல்லை. பிரதியைச் சீரமைக்கும் செலவும் விளம்பரமும் மட்டும். அங்கே ஷேர் சிறியது, ஆனால் தாண்ட வேண்டிய எல்லை அதைவிடச் சிறியது.